கண்ணாடி மேசையில் வைத்த பொட்டு

எரியல. சரி, எரியலைன்னா எரியல, அதுக்கு எதுக்கு நெஞ்சு இப்படி அடிச்சுக்கணும். மிளகு அளவுல ஒரு சிவப்பு விளக்கு. எந்தக் குழந்தையோட பொம்மையைப் பிரிச்சாலும் உள்ள இது மாதிரி ஒண்ணு மினுக்கிக்கிட்டுக் கெடக்கும், அது இங்க மினுக்க மாட்டேங்குது, அவ்வளவுதானே வசந்தாமணி, குடியா முழுகிப் போச்சு. முழுகலதான். ஆனா சாயங்காலம் ரெஜினா போன் பண்ணுவா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவேன், செய்யறேன் இல்ல முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லு, இழுக்காதேன்னு போன வாரமே கறாராச் சொல்லிட்டா. அவளும் நானும் ஒரே கம்பெனியில பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து மோட்டார் பேனலுக்கு சர்க்யூட் போர்டு சோதிச்சவங்க. இப்ப அவ பல்லடத்துல சொந்தமாக் கம்பெனி வெச்சு, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குச் சூடு பாத்துக்கற போர்டை வெளியில வாங்கி விக்கிறா. அது நம்ம ஊர்க் கரண்டுக்குத் தாங்கறதில்ல, திடீர்னு மக்கர் பண்ணுது, சூடு ஏறி முட்டைக்குள்ளயே குஞ்சு வெந்துபோகுது. நாமளே புதுசா ஒண்ணு செய்வோம், முதல் சாம்பிளை நீ செஞ்சு குடுன்னு ரெண்டு மாசமாக் கேக்கறா. நீ இல்லைன்னா பெங்களூர்ல ஆள் இருக்காங்க, அவங்ககிட்டப் போயிருவேன், அப்புறம் வருத்தப்படாதேன்னும் சொன்னா. வருத்தப்படாம? கை இப்படி ஆனதுலேருந்து என்னைத் தேடி வந்த ஒரே வேலை இது. அவளுக்குத் தெரியாம எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கிட்டேன். வீட்லயே மேசை போடுவேன், என்ற கையாலயே சிப்பை மாட்டுவேன், அதுல ஒரு விளக்கை மினுக்க வெப்பேன், மினுக்குச்சுன்னா செய்யறேன்னு சொல்லுவேன், இல்லைன்னா கம்முனு இருந்துக்குவேன். இப்ப ஜன்னல் வெயில் தரையை விட்டுக் கட்டில் காலுக்கு ஏறியாச்சு, விளக்கு செத்த எலி மாதிரி கெடக்கு, லாப்டாப்பைக் கேட்டா சிப்பு பதில் சொல்லலைங்குது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பாட்டு. நான் கேட்டா மட்டும் யார்தான் பதில் சொல்றா இந்த வீட்ல.

இது முன்னாடி என்ற கண்ணாடி மேசைதான், கல்யாணத்துக்கு வந்தது, தேக்கு. சீப்பு, பவுடர் டப்பா, ஊக்கு, மருந்து மாத்திரை எல்லாத்தையும் ஒரு நாள் அள்ளி அலமாரியில போட்டுட்டுக் கண்ணாடியோட மேல்பாதிக்கு ஓட்டை ஓட்டையா இருக்கிற பலகையை மாட்டுனேன், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஒயர்ச் சுருள் எல்லாம் தொங்கறதுக்கு. கீழ்ப்பாதிக் கண்ணாடியை அப்படியே விட்டுட்டேன். போர்டோட பின்பக்கம் திருப்பாமலே தெரியும், அதுக்குத்தான். என்ற மூஞ்சியும் கழுத்து வரைக்கும் தெரியுது, அதை என்ன பண்றது, அதுவும் கெடக்கட்டும். அன்னைக்கு இவரு, என்ற வீட்டுக்காரர், குழந்தைவேலு, பட்டறையிலேருந்து வந்து கதவு நிலையில நின்னு பாத்தாரு. ஏம்புள்ள, இனித் தலை சீவறதுக்கு எங்க போவேன்னு ஒரு வார்த்தை. சீவறதுக்கு உங்களுக்கு என்னங்க மிச்சம் இருக்குதுன்னேன். ம்னாரு. அத்தோட சரி. அப்புறம் இந்த மேசையைப் பத்தி அந்த மனுசன் வாயத் திறக்கல. மகன் ஹாஸ்டலுக்குப் போனப்ப போட்டுட்டுப் போன பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சு அதோட கரண்டுப் பெட்டியை எடுத்துப் பக்கத்துல திருகினேன். சிவப்பு ஒயர் அஞ்சு வோல்ட், மஞ்சள் பன்னெண்டு, கருப்பெல்லாம் கிரவுண்டு, பச்சையைக் கருப்போட சேத்தாத்தான் பெட்டி முழிக்கும், அதுக்குக் காலிங்பெல் சுவிட்ச் ஒண்ணு. அப்பவும் பாத்துட்டு ம்தான். ஒயர் குத்தற வெள்ளைப் பிரெட்போர்டைச் சப்பாத்திப் பலகை மேல ஒட்டுனேன், பலகை கனமா நகராம இருக்கும், ஒத்தைக் கையில அழுத்தினாலும் ஓடாது. ஒயர் பிடிச்சுக்கத் துணி கிளிப். இடுக்கிக்கு சைக்கிள் வால்வு டியூப்பை வெட்டிச் சட்டை போட்டேன், வழுக்காம இருக்க. சப்பாத்திக்கு என்ன பண்றதுன்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. ஒரு மாசமாத் தோசைதான் தின்னுக்கிட்டு இருக்காரு. திட்டுனாக் கூடப் பரவால்ல, என்னமோ பொம்பள பொழுது போக்கறான்னு விட்டுட்டாரோன்னு அதுதான் உள்ளுக்குள்ள அறுக்குது.

இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது, இன்னைக்குப் பாத்தேனே. குளிச்சு சமைச்சு எல்லாம் முடிச்சு மத்தியானம் இந்த ரூமுக்கு வந்தா, கரண்டுப் பெட்டி நெத்தியில சந்தனம், நடுவுல குங்குமம். மீட்டர் மேல ஒண்ணு. பூதக்கண்ணாடி விளக்கோட கழுத்துல ஒண்ணு. ஈயம் பத்த வைக்கிற இரும்போட ஸ்டாண்டுல ஒண்ணு. எல்லாம் காஞ்சு வெடிச்சு நிக்குது. எனக்குத் தெரியாதா யார் வேலைன்னு. பட்டறையில வெள்ளிக்கிழமைன்னா லேத்து மெஷினுக்குப் பொட்டு வைக்காம சுவிட்சைத் தொட மாட்டாரு, கோயிலுக்குக் கூட ஒழுங்காப் போகாத ஆளு. இரும்பு நமக்குச் சோறு போடுது, அதுக்கு ஒரு பொட்டு வெச்சா என்ன கொறைஞ்சு போயிரும்பாரு. இன்னைக்குத்தான் கரண்டு குடுக்கப் போறேன்னு நான் சொல்லவே இல்ல. ராத்திரி சோறு போடறப்ப என்ற மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கணும். மீட்டரைக் கையில எடுத்து அந்தப் பொட்டையே பாத்துச் சிரிச்சேன். அதே வேகத்துல கோவமும் வந்துச்சு, வாயைத் திறந்து நல்லா வரும் புள்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துருமா, சந்தனத்துல எதுக்குச் சொல்லணும். சரி சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம், இப்பப் போர்டைப் பாரு. அஞ்சு வோல்ட் வருதா, வருது. கிரவுண்டு சரியா இருக்கா, மீட்டர் கீன்னு கத்துது, சரியா இருக்கு. விளக்கைத் தனியாக் கொடுத்துப் பாத்தா பளிச்சுனு எரியுது. புரோகிராம் ஏத்தற ஒயர் ஆறும் எடத்துலதான் இருக்கு. பிரெட்போர்டு ஓட்டையில சிவப்பா ஒரு பொடி, ஒயர் உரிச்ச தூளு, ஊதுனேன், போயிருச்சு. எல்லாம் சரி. எல்லாம் சரின்னா அப்ப எதுதான் தப்பு? மிச்சம் ஒண்ணுதான். அதை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதில்ல, தொட்டுப் பாத்தாலே தெரியும், தொட்டாத்தான் தெரியாதே, அதுதானே சங்கதி.

விரல்தான். வலது கையில கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். மழை நாள்ல ஸ்கூட்டி சறுக்கி மணிக்கட்டுல விழுந்தேன், எலும்பு சேந்துருச்சு, நரம்பு சேரல. டாக்டர் நல்ல மனுசன், நரம்பு வளரும்மா, ஆனா நம்ம அவசரம் அதுக்குத் தெரியாதுன்னாரு. கம்பெனியில ரொம்ப மரியாதையா, மேடம் நீங்க ஸ்டோர்ஸ்ல உக்காருங்கன்னு ஃபேனுக்கடியில நாற்காலி போட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டே சிப்போட காலைத் தடவி எந்தக் கால் வளைஞ்சிருக்குன்னு சொன்ன ஆளு நான். புதுசா வர்ற புள்ளைங்க கை தட்டும். அந்த ஆளு ஸ்டோர்ஸ்ல உக்காந்து அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு, போங்கடா நீங்களும் உங்க ஃபேனும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். வந்து என்ன கிழிச்சேன், சாம்பார்ல உப்புப் பாக்கறப்ப கரண்டி விழுகுது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட இடது கைதான். போன வாரம் இந்த மேசையிலயே ஒயர் பத்த வெக்கறேன், என்னமோ கருகுதேன்னு பிளாஸ்டிக்கைத் தேடறேன், ஒயரைத் தேடறேன், கடைசியில பாத்தா என்ற விரலு. இரும்பு மேல சாஞ்சு வெந்துக்கிட்டு இருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியல, மூக்குத்தான் சொல்லுச்சு. அழலை. சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். அப்படிப்பட்ட விரலை வெச்சுக்கிட்டு நேத்து சாயங்காலம் இந்தச் சிப்பை அழுத்தினேன், ரெண்டு பக்கமும் பூரான் மாதிரி காலு, அதுல ஒரு காலு உள்பக்கமா மடங்கிப் போயிருந்தா மேலேருந்து பாத்தாத் தெரியாது, அழுத்தறப்ப விரல்தான் சொல்லணும். விரல் என்ன சொல்லுச்சு, ஒண்ணும் சொல்லல, அது எப்பங்க சொல்லிருக்கு இப்பச் சொல்ல. பெங்களூர்க்காரங்களுக்கு நல்ல விரல் இருக்கும்.

நெம்பி எடுத்துப் பாத்துட வேண்டியதுதான். பாக்கப் பயமா இருக்கு. மடங்கியிருந்தா அதோட முடிஞ்சு போச்சு, முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுபோகும், இப்பன்னா இன்னும் தெரியல. தெரியாம இருக்கறதுல ஒரு சொகம் இருக்குது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நிக்குது, நின்னுட்டு மறுபடி ஓடுது, தேங்காய் அரைக்கறாங்க, வெள்ளிக்கிழமை வடை போடுவாங்க. வெயில் கட்டில் மேல ஏறிருச்சு. எடு புள்ள, எடு, என்ன நொரநாட்டியம். ஸ்க்ரூ டிரைவரை அடியில விட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் நெம்பி, இடது கையில எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் புடிக்கிறேன். கண்ணாடியில என்ற மூஞ்சியும் அண்ணாந்து பாக்குது, வாயைப் பொளந்துக்கிட்டு. ஒரு காலு, அடுத்த காலு, அடுத்தது. நேரா இருக்கு. இந்தப் பக்கம். நேரா இருக்கு. ஒண்ணு கூட மடங்கல. ஒண்ணு கூட! அட கெரகமே, சந்தோசப்படறதா வேண்டாமா. விரல் ஒழுங்காத்தான் மாட்டியிருக்கு, எதுவும் தெரியாமலே ஒழுங்கா மாட்டியிருக்கு, பழக்கம் போகல. ஆனா அப்படின்னா எதுனால எரியல? திரும்ப மாட்டறேன். கட்டை விரலால மெதுவா, சப்பாத்திப் பலகை அசையாம. சுவிட்சைப் போடறேன். பெட்டியில ஃபேன் உர்ருங்குது. சிப்பு பதில் சொல்லல. விளக்கு எரியல. அப்ப விரல் இல்ல, மண்டைதான் போச்சு. இத்தனை நாள் ஸ்டிக்கர் ஒட்டுனதுல படிச்சதெல்லாம் ஆவியாப் போச்சு. விரல் போனா இடுக்கிக்குச் சட்டை போடலாம், மண்டை போனா எதுக்குச் சட்டை போடறது. போனை எடுத்து ரெஜினாவுக்கு அடிக்கிறேன், இடது கையில, ஒவ்வொரு எழுத்தா. என்னால முடியாது ரெஜி, நீ பெங்களூர்லயே குடுத்துரு. அனுப்பறதுக்கு விரலைக் கொண்டு போறேன். வலது விரல். வெந்து காஞ்ச தோலு, கண்ணாடித் திரைக்குக் கூட அது விரல்னு தெரியல போல, அழுத்தறேன், போக மாட்டேங்குது. பாரு, மாட்டேன்னு சொல்லக் கூட வக்கில்லாத விரலு.

போனைப் போட்டுட்டுத் தலையை மேசையில வெச்சேன். பலகைக்குப் பக்கத்துல மூக்கு. பூதக்கண்ணாடி விளக்கு மேலேருந்து சூடா அடிக்குது. கம்முனு இரு, ஒண்ணும் நெனைக்காதே. என்னமோ வாசம். என்ன வாசம், பக்கத்து வீட்டு வடையா? இல்ல. பெட்டி சூடானா வர்ற வாசம் இது இல்ல. குளிர்ச்சியா, பூஜை ரூம்ல உக்காந்த மாதிரி. சந்தனம். சந்தனம் பெட்டி மேல இருக்கு, மீட்டர் மேல இருக்கு, அதெல்லாம் காஞ்சு போச்சே, காஞ்ச சந்தனத்துக்கு இப்படி வாசம் வராது, ஈரமா இருந்தாத்தான், சூடு பட்டாத்தான். எங்க ஈரம்? தலையைத் தூக்காமலே மூக்கால தேடறேன், கழுத வயசுல நாய் மாதிரி மோந்துக்கிட்டு. பெட்டி இல்ல. மீட்டர் இல்ல. சிப்பு, சிப்புக்குப் பக்கத்துல, அங்கதான். விளக்கை இழுத்துக் கண்ணாடி வழியாப் பாக்கறேன். சிப்புக்குப் பக்கத்துல கிரிஸ்டல் நிக்குது, வெள்ளி மாதிரி பளபளன்னு, அரிசி மூட்டையைச் சின்னதாக்கி நிக்க வெச்ச மாதிரி. சிப்போட நாடி அதுதான், அது துடிச்சாத்தான் சிப்புக்கு உசுரு. அதோட ரெண்டு காலுக்கு நடுவுல, அடியில, வெள்ளைப் பலகையோட வெள்ளையா, ஒரு பொட்டு சந்தனம். ஈரம் மாறாம. மேல வெச்சது வழுக்கி அடியில இறங்கியிருக்கு, ரெண்டு காலையும் சேத்துப் புடிச்சிருக்கு. நான் ஊதுன சிவப்புப் பொடி ஒயர்த் தூளா? குங்குமம்டி பைத்தியக்காரி, குங்குமம்! இந்தப் போர்டு முழுக்க இரும்பு மாதிரி பளபளன்னு இருக்கறது அந்தக் கிரிஸ்டல் ஒண்ணுதானே. எங்கடா இரும்புன்னு தேடிப் பாத்து, அவரோட தடி விரலை வெச்சுக்கிட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பொட்டு வெச்சிருக்காரு. கேட்டா என்ன சொல்லுவாரு, ம்ம்பாரு. ஐயோ சாமி. நாடிக்கே சந்தனம் பூசிட்டாரே. எனக்குச் சிரிப்பு வருது, கண்ணுல தண்ணி வருது, ரெண்டும் ஒண்ணா வருது. விரலும் இல்ல, மண்டையும் இல்ல. என்ற மேல எந்தத் தப்பும் இல்ல!

சுவிட்சை அணைச்சேன். அவசரப்படாதே, அவசரப்பட்டா உடைச்சிருவே. கிரிஸ்டலைப் புடுங்கி, பழைய பல்லு வெளக்கற பிரஷை ஸ்பிரிட்டுல நனைச்சுக் காலைத் தேச்சு, ஓட்டையைத் தேச்சு, ஊதி, விளக்குச் சூட்டுல காய வெச்சு. காயட்டும், இன்னும் கொஞ்சம், ஈரம் இருந்தா மறுபடி அதே கதை. மோந்து பாத்தேன். ஸ்பிரிட் வாசம் போயிருச்சு, சந்தனமும் இல்ல. மாட்டுனேன். சுவிட்சு. பெட்டி உர்ருங்குது. லாப்டாப்புல கேட்டேன், இருக்கியான்னு. இருக்கேன்னுச்சு. புரோகிராமை ஏத்துனேன், ஒரு கோடு மெதுவா நீளுது, நீண்டு முடியுது, நான் கண்ணை மூடிக்கிட்டேன், எதுக்கு மூடுனேன்னு தெரியல. திறந்தா கண்ணாடியில ஒரு சிவப்பு, மேசையில ஒரு சிவப்பு. அணையுது, எரியுது. அணையுது, எரியுது. அடேயப்பா. அடேயப்பா, வசந்தாமணி! ரெஜினா கூப்பிடற வரைக்கும் யார் காத்திருப்பா, நானே கூப்பிட்டேன்.

"என்னடி, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். செய்யறியா, முடியாதா?"

"செய்யறேன்."

அவ மெதுவா, "கை எப்படி இருக்கு மணி?"ன்னா. அதைக் கேக்கத்தான் இத்தனை நாள் கறாரா இருந்தா போல.

"கை அப்படியேதான் இருக்கு ரெஜி. மூக்கு நல்லா இருக்கு. நீ குஞ்சு பொரிக்கிற பெட்டியோட பழைய போர்டை அனுப்பி வை, எங்க சூடாகுதுன்னு பாக்கணும்."

"மூக்கா? என்ன உளர்றே?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன், போர்டை அனுப்பு."

வெளிச்சம் மங்கிருச்சு. லைட்டைப் போடல, இந்தச் சிவப்பு இருட்டுல இன்னும் நல்லாத் தெரியுது. வெளி கேட் திறக்கற சத்தம். செருப்புக் கழட்டற சத்தம். கண்ணாடியோட கீழ்ப்பாதியில இவரோட பெல்ட்டும் டிபன் தூக்கும் வந்து நிக்குது, தலை பலகைக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு. நான் திரும்பல. விளக்கு எரியுது, அணையுது.

"எரியுது?"ன்னாரு.

"எரியுதுங்க."

"அப்பவே நெனச்சேன். பொட்டு வெக்காம எந்த மெஷினும் ஓடாது."

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு சிரிப்பு. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், இவரு என்னவோ ஏதோன்னு தூக்கைக் கீழ வெச்சுட்டுப் பக்கத்துல வந்துட்டாரு. சொன்னேன், எல்லாத்தையும், மத்தியானம் பூரா நான் பட்ட பாட்டை. மூஞ்சி சுருங்கிப் போச்சு மனுசனுக்கு.

"இரும்பு இருக்கற எடமாப் பாத்துத்தானே வெச்சேன்."

"அது இரும்பு இல்லைங்க. அதோட நாடி அது."

"தொடைச்சுட்டியா?"

"பல்லு வெளக்கற பிரஷ்ல."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா," ன்னு முனகிக்கிட்டே பூஜை ரூமுக்குப் போனாரு. கோவிச்சுக்கிட்டாரோன்னு நெனச்சேன். சந்தனக் கிண்ணத்தோட வந்து நிக்கறாரு. விரல்ல தொட்டுக்கிட்டு மேசையப் பாக்கறாரு, இங்க வெக்கலாமா, வேண்டாங்க, இங்க, ஐயோ அங்க வேண்டவே வேண்டாம், அந்த விரல் போர்டுக்கு மேல அந்தரத்துல நிக்குது, எங்க எறங்கறதுன்னு தெரியாம. லேத்தை அந்தக் கை எப்படி ஆளும்னு எனக்குத் தெரியும். அப்பத்தான் மேசை மேல கெடந்த என்ற வலது கையை எடுத்தாரு. திருப்பி, ஆள்காட்டி விரலை நீட்டிப் புடிச்சு, நுனியில ஒரு பொட்டு வெச்சாரு. நிதானமா, வட்டமா, லேத்துக்கு வெக்கற மாதிரி.

"மெஷினு இதுதானே," ன்னாரு. "இதுக்கு வெக்காம விட்டுட்டேன்."

வாயத் திறந்துட்டாரு. விரலையே பாக்கறேன். நுனியில ஒண்ணும் தெரியல, அது எப்பவும் போல மரக்கட்டை. ஆனா சந்தனம் கொஞ்சம் வழிஞ்சு கீழ இறங்குது, முதல் கணுவுக்கு. அங்க, அங்க என்னமோ. பெரிசா ஒண்ணுமில்ல, மசங்கலா, தூரத்துல யாரோ தண்ணி தெளிச்ச மாதிரி. குளிர்ச்சியா? நெனப்பா? ஒரு தடவை வந்ததை வெச்சு எதுவும் சொல்லக் கூடாது, டெஸ்டிங் மேசையில முதல் பாடமே அதுதான்.

"ஏனுங்க," ன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், பாத்துட்டா மனசு ஏமாத்திரும்.

"என்ன புள்ள?"

"இன்னொருக்கா வைங்க."